அவர் அப்படிச் சொல்லவில்லை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற விவிலிய மாலையில் ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் எங்கள் விவிலிய வட்டத்தாரை அழைத்து, எல்லோருக்கும் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் கூடி யோசித்து, எல்லோருக்கும் இடறலாக இருக்கிற ஒன்றைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டோம். குழுவினர் மன்னிப்பார்களாக! வேதாகமத்தில் ஒரு தடவை வாசித்தால் ஒரு பொருளும், மறு தடவை வாசித்தால் வேறொரு பொருளும் தருகிற வசனங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு.

தொடங்குமுன் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் யோவான், பேதுரு, பவுல் என்று வாசிக்கிறோம். நம் பாட்டன் பாட்டிமார் அருளப்பர், இராயப்பர், சின்னப்பர் என்றே அழைத்து ஜெபித்தார்கள். பெரியவர்கள் பலர் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் இன்று அந்தப் பழைய பெயர்களையே சொல்லுவோம்.

அருளப்பர் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்திற்கு வாருங்கள். உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடருக்குப் பசியாறக் கொடுக்கிறார். இரவெல்லாம் வலை போட்டு வெறுங்கையோடு இருந்தவர்களுக்கு விடியற்காலையில் 153 பெரிய மீன்கள் கிடைத்தன. இந்த 153க்கு உட்பொருள் தேடாத வேதபாரகர் இல்லை. 1 முதல் 17 வரை வரிசையாகக் கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தீனார் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனால் கரைக்கு வந்த மீனை எண்ணாமல் எந்த மீனவர் பங்கு பிரிப்பார்? நம் ஊர்க் கடற்கரையைப் பார்த்தவர்களுக்கு அந்த விளக்கமே போதும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

சாப்பாடு முடிந்ததும் ஆண்டவர் இராயப்பரிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்கிறார், மந்தையை ஒப்படைக்கிறார். முதிர்ந்த வயதில் வேறொருவர் அவர் இடுப்பைக் கட்டி, அவர் விரும்பாத இடத்திற்குக் கொண்டுபோவார் என்று அவருடைய சாவையும் குறிப்பாகச் சொல்லிவிடுகிறார். இப்படிப்பட்ட சேதியைக் கேட்ட மனிதர் என்ன செய்வார்? இராயப்பர் திரும்பிப் பார்த்தார். ஆண்டவர் அன்பு செய்த சீடர் பின்னால் வந்துகொண்டிருந்தார். இவர் காரியம் என்ன ஆகும் என்று கேட்டார். நமக்கு ஒரு துன்பம் என்றால் பக்கத்து வீட்டாருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கிற குணம் அன்றைக்கே இருந்திருக்கிறது!

அதற்கு ஆண்டவர் கொடுத்த பதில் சுருக்கமானது. தாம் வருமளவும் இந்தச் சீடர் இருக்கவேண்டும் என்று தாம் எண்ணினாலும் அது இராயப்பருக்கு என்ன, அவர் தம்மைப் பின்பற்றி வந்தால் போதும் என்பது அதன் கருத்து. இதைக் கேட்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இந்தச் சீடருக்குச் சாவே இல்லை என்று ஆண்டவர் வாக்களித்துவிட்டார் என்று சகோதரரிடையே பேச்சைப் பரப்பிவிட்டார்கள். அடுத்த வசனத்திலேயே சுவிசேஷம் குறுக்கிட்டு, அவர் சாவதில்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை, சொன்னது இதுதான் என்று அந்தப் பதிலை அப்படியே எழுத்துக்கு எழுத்து திரும்ப எழுதி வைக்கிறது.

அந்தத் திருத்தம் ஏன் தேவைப்பட்டது? அருளப்பர் எபேசு நகரில் பேரரசர் திராயானின் காலம் வரை வாழ்ந்தார் என்று புனித இரேனேயுஸ் எழுதுகிறார். திராயான் ஆண்டது கி.பி. 98 முதல் 117 வரை. மற்ற அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராக மறைந்த பிறகும் இவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் தலை நரைக்க நரைக்க, அந்தப் பேச்சும் வலுத்திருக்கும் அல்லவா? ஆண்டவர் வருகிற வரைக்கும் இவர் சாகமாட்டார், இவரோ முதிர்ந்துவிட்டார், ஆகையால் ஆண்டவர் வரும் நாள் நெருங்கிவிட்டது என்று எத்தனை வீடுகளில் கணக்குப் போட்டிருப்பார்கள்! பிறகு ஒரு நாள் அவரும் கண்மூடினார். அவர் இறந்ததை ஒட்டியோ, இறக்கும் தறுவாயிலோதான் இந்த வரிகள் எழுதப்பட்டன என்பது அறிஞர் பலருடைய கருத்து. எங்களுக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆண்டவர் கொடுக்காத ஒரு வாக்குறுதி பொய்த்துப்போனதால் ஆண்டவர்மீதே நம்பிக்கை இழக்க இருந்த மக்களுக்காக எழுதப்பட்ட வரிகள் அவை.

எழுதி வைத்த பின்பாவது பேச்சு அடங்கியதா என்றால் அதுவும் இல்லை. கிரேக்க மூலத்தில் இருப்பது 'ஆனால்' என்று நிபந்தனை சொல்லும் சொல். இலத்தீனில் அது 'சி'. பழைய இலத்தீன் பிரதிகள் சிலவற்றில் ஓர் எழுத்து கூடி அது 'சிக்' என்று ஆகிவிட்டது. 'சிக்' என்றால் 'இப்படியே'. அதாவது, "நான் விரும்பினால்" என்பது போய், "இப்படியே இவன் இருக்க விரும்புகிறேன்" என்று ஆகிவிடுகிறது. ஓர் எழுத்து நிபந்தனையை வாக்குறுதியாக மாற்றிவிட்டது. அகுஸ்தீனார் கையில் இருந்த பிரதியும் அப்படிப்பட்டதே. அருளப்பர் எபேசில் கல்லறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறார், அவர் மூச்சு விடும்போது மேலே மண் அசைகிறது என்று அவர் காலத்தில் சொல்லிக்கொண்டார்கள். இலேசானவர்கள் அல்லாதவர்களிடமிருந்து கேள்விப்பட்டதாகவும், அந்த இடத்தை அறிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் அவர் எழுதி வைத்தார். 1979இல் உரோமை வெளியிட்ட புதிய இலத்தீன் வேதாகமத்தில் கிரேக்கத்திற்கு இசைய மீண்டும் 'சி' என்றே அச்சிட்டார்கள்.

இது ஏதோ பழங்கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவிலே தானியேலின் தீர்க்கதரிசனத்தில் வருகிற 2300 நாட்களை 2300 ஆண்டுகளாகக் கணக்கிட்டு, வில்லியம் மில்லரைப் பின்பற்றிய ஆயிரக்கணக்கானோர் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். மறுநாளும் வழக்கம்போல் விடிந்தது. அவர்கள் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வேதத்தை நம்மில் பலரைக் காட்டிலும் கருத்தாய் வாசித்தவர்கள்.

வேதவசனம் ஏன் இப்படி இரு பொருள் படுகிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பேசிய சொல்லுக்குக் குரல் உண்டு, முகம் உண்டு, கைச்சாடை உண்டு. எழுதிய சொல்லுக்கு அவை ஒன்றும் இல்லை. அதிலும் ஆண்டவர் பேசியது அரமேய மொழி. சுவிசேஷகர் எழுதியது கிரேக்க மொழி. அந்தக் காலத்துக் கிரேக்கப் பிரதிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது, காற்புள்ளியும் கிடையாது. நல்ல கள்ளனுக்கு ஆண்டவர் சொன்ன வசனத்தில் 'இன்று' என்ற சொல் எதனோடு சேரும்? இன்று உனக்குச் சொல்லுகிறேன் என்பதா, இன்று என்னோடு பரகதியில் இருப்பாய் என்பதா? புள்ளி எங்கே வைக்கிறோமோ அதைப் பொறுத்தது. ஆண்டவர் "உண்மையாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்ற முறையில் பேசிய இடங்கள் ஏராளம். வேறெங்கும் அதனோடு 'இன்று' என்று சேர்த்துப் பேசவில்லை. ஆகவே அன்றைக்கே பரகதி என்று திருச்சபை வாசிக்கிறது. அந்தக் கள்ளனும் அப்படித்தான் கேட்டிருப்பான்.

நம் தமிழிலும் ஒரு சங்கடம் உண்டு. கிரேக்கத்தில் 'நாம்' என்பதற்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஒரே சொல்தான். தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இதில் கேட்பவரும் சேர்ந்தவரா, சேராதவரா என்று முடிவு கட்டியாக வேண்டும். புயலில் படகு தத்தளிக்கும்போது சீடர் ஆண்டவரை எழுப்பிச் சாகப்போகிறோமே என்று கதறினார்களே, அது 'நாம்' சாகப்போகிறோம் என்பதா, 'நாங்கள்' சாகப்போகிறோம் என்பதா? 'நாங்கள்' என்றால், ஆண்டவர் தப்பித்துக்கொள்வார், நம்மைக் கைவிட்டுவிடுவார் என்ற குறை அதில் ஒலிக்கும். 'நாம்' என்றால், ஒரே படகில் இருக்கிறோம், உம்மையும் சேர்த்துத்தான் என்று ஆகும். மாற்கு எழுதிய கிரேக்கம் வாய் திறக்கவில்லை. கடலுக்குப் போகிற நம் சகோதரர்கள்தான் இதைத் தீர்க்கத் தக்கவர்கள்!

இனி, எங்கள் மனதைப் பல நாட்களாக அழுத்திக்கொண்டிருக்கிற ஒரு விஷயத்திற்கு வருகிறோம். எங்கள் வட்டத்தார் நோயாளிகளைச் சந்திக்கச் சென்ற ஓர் ஊரில் (இந்தப் பங்கல்ல) ஒரு தாய் பல ஆண்டுகளாகப் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். நன்மை வாங்க எழுந்து வரமாட்டார். மெல்ல விசாரித்தோம். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை என்று சேதி வந்த இரவில், துக்கம் தாளாமல் கடவுளை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டாராம். பிறகு ஒரு கூட்டத்தில், பரிசுத்த ஆவிக்கு எதிரான தூஷணத்திற்கு இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பு இல்லை என்று யாரோ ஒருவர் முழங்கியதைக் கேட்டார். தாம் செய்தது அதுதான் என்று தீர்மானித்துக்கொண்டார். மன்னிப்பே இல்லாதவளுக்குப் பாவசங்கீர்த்தனம் எதற்கு, நற்கருணை எதற்கு என்று இருந்துவிட்டார்.

சகோதரரே, இந்த வசனம் கடினமானதுதான். வேதாகமம் முழுவதிலும் இதைவிடக் கடினமான கேள்வி ஒருவேளை இல்லை என்று அகுஸ்தீனாரே ஒரு பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் மாற்கு சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தை நிறுத்தி வாசியுங்கள். எருசலேமிலிருந்து வந்த மறைநூல் அறிஞர்கள் ஆண்டவர் பேய்களை ஓட்டுவதைக் கண்ணால் கண்டும், பேய்களின் தலைவனைக் கொண்டு ஓட்டுகிறார் என்றார்கள். அப்போதுதான் ஆண்டவர் இந்தக் கடுமையான வார்த்தையைச் சொன்னார். சொன்னதை எழுதியபின் மாற்கு சும்மா இருக்கவில்லை. ஆண்டவருக்கு அசுத்த ஆவி பிடித்திருக்கிறது என்று அவர்கள் சொல்லிவந்ததால்தான் இப்படிச் சொன்னார் என்று 30ஆம் வசனத்தில் தாமே காரணத்தை எழுதி வைக்கிறார். கடற்கரையில் அருளப்பர் சுவிசேஷம் செய்ததைப் போலவே இங்கே மாற்கும் செய்கிறார். இந்த வசனத்தை மேடையில் முழங்குகிறவர்கள் அந்த 30ஆம் வசனத்தையும் சேர்த்து வாசித்திருந்தால் அந்தத் தாய்க்கு அத்தனை ஆண்டுகள் வீணாகியிருக்கமாட்டா.

நன்மையைக் கண்டும் அதைப் பேயின் வேலை என்று சாதிப்பவன், மன்னிப்புக் கொடுக்க நீட்டுகிற கையையே தட்டிவிடுகிறான். கடைசிவரை மனந்திரும்பாத கடின இதயமே இந்தப் பாவம் என்று அகுஸ்தீனார் விளக்கினார். 1986ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) தூய ஆவியாரைப் பற்றி எழுதிய சுற்றுமடலிலும், இது ஏதோ ஒரு சொல்லால் இழைக்கும் குற்றம் என்பதைவிட, ஆவியானவர் வழியாகக் கடவுள் தரும் மீட்பை ஏற்க மறுப்பதே என்ற கருத்தைத் தந்தார்.

இந்த விளக்கமெல்லாம் நாம் வசதிக்காகக் கண்டுபிடித்தது என்று யாராவது சொன்னால், தெளிவான வசனங்களைக் காட்டுங்கள். சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதும்போது தாம் முன்பு தூஷித்தவர் என்று ஒப்புக்கொண்டு, ஆயினும் இரக்கம் பெற்றதாகச் சொல்லுகிறார். இராயப்பர் கரி நெருப்பின் அருகே நின்று மூன்று முறை மறுதலித்தார்; சபித்து ஆணையிட்டு மறுதலித்தார். அதே இராயப்பருக்குத்தான் இன்னொரு கரி நெருப்பின் அருகே மந்தை ஒப்படைக்கப்பட்டது. துக்கத்தில் ஏசிய ஒரு தாய் இவர்களைவிடப் பெரிய பாவியா? அழுது ஏங்குகிற இதயம் கடின இதயம் ஆகாது என்று அந்த அம்மாவிடம் சொன்னோம். நாங்கள் சொன்னதைவிட மாற்கு எழுதியதை அவர் கையில் கொடுத்து, விரலை வைத்து வாசிக்கச் சொன்னதே பலித்தது. குருவானவரிடம் அழைத்துப் போனோம். மற்றது அவருக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருகிற துண்டுப் பிரசுரங்களைப் பற்றிச் சிறிது. ஆண்டவருக்கு யாகப்பர், யோசே, யூதா, சீமோன் என்ற சகோதரர்கள் இருந்ததாக மாற்கு எழுதுகிறாரே, மரியம்மாள் எப்படி எப்போதும் கன்னி என்று அதில் கேட்டிருக்கும். இந்தக் கேள்வி புதிதன்று. சுமார் 383இல் உரோமையில் எல்விதியுஸ் என்பவர் எழுப்ப, புனித ஜெரோம் ஒரு நூலே எழுதி மறுமொழி சொன்னார். தமிழருக்கு இது புரிந்துகொள்ளச் சிரமமில்லை. பெரியப்பா மகன் நமக்கு அண்ணன். சித்தி மகன் தம்பி. "கூடப் பிறந்த தம்பியா?" என்று மறுபடி கேட்டால்தான் உண்மை தெரியும். எபிரேயரும் அப்படியே. ஆபிரகாம் தம் தம்பி மகனான லோத்தைச் சகோதரன் என்றே அழைக்கிறார். மேலும், சிலுவையின் அருகே சின்ன யாகப்பருக்கும் யோசேக்கும் தாயான வேறொரு மரியாளை மாற்கு காட்டுகிறார்.

ஆனால் நேர்மையாகப் பேசவேண்டும். கிரேக்கத்தில் ஒன்றுவிட்ட சகோதரனுக்குத் தனிச் சொல் உண்டு; கொலோசையருக்கு எழுதிய நிருபத்தில் மாற்குவைப் பர்னபாவின் உறவினர் என்று சொல்லும் இடத்தில் அந்தச் சொல் வருகிறது. ஆகவே 'சகோதரர்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நாமும் ஜெயிக்க முடியாது, அவர்களும் ஜெயிக்க முடியாது. மரியன்னை எப்போதும் கன்னி என்பது ஆதிமுதல் வந்த திருச்சபையின் விசுவாசம். அந்தச் சகோதரர்கள் என்ன முறை என்பதைத் திருச்சபை வரையறுக்கவில்லை. சிற்றன்னை மக்கள் என்றார் ஜெரோம்; சூசையப்பரின் முதல் மனைவியின் மக்கள் என்றார் எப்பிபானியுஸ். கீழைத் திருச்சபைகளில் இன்றும் இரண்டாவது கருத்தே பெருவழக்கு. பிரசுரம் கொண்டு வருகிறவர்களிடம் கோபித்துக் கதவைச் சாத்தவேண்டாம். ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து இவ்வளவையும் சொல்லுங்கள்.

திருச்சபை எல்லா வசனங்களுக்கும் ஒரே பொருளை முத்திரை குத்தி வைத்திருக்கிறது என்று நம்மவரே சிலர் நினைக்கிறார்கள். 1546இல் திரெந்து பொதுச்சங்கம், விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய காரியங்களில் திருச்சபை கொண்ட பொருளுக்கு மாறாக வேதத்தைத் திரிக்கக்கூடாது என்று விதித்தது உண்மைதான். ஆனால் 1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில், திருச்சபை அதிகாரத்தோடு பொருளை வரையறுத்த வசனங்கள் மிகச் சிலவே என்று வெளிப்படையாக எழுதினார். ஆசிரியர் எந்த வகை நடையில் எழுதினார் என்று பாருங்கள், வேதம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள், வழிவழியாய் வந்த போதனையோடு சேர்த்துப் பாருங்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சொன்னது.

இந்த விஷயத்தில் அகுஸ்தீனாரைப் போன்ற ஆசிரியர் கிடைப்பது அரிது. வேதத்தை வாசிக்கும் முறையைப் பற்றி அவர் சுமார் 396இல் தொடங்கிய நூலை முடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு வசனம் இரு பொருள் பட்டால், தெளிவான வசனங்களிலிருந்தும் திருச்சபையிலிருந்தும் பெற்ற விசுவாசத்தைக் கேள். பிறகு முன்னும் பின்னும் உள்ள வரிகளைக் கேள். இரண்டும் தடுக்காவிட்டால் எந்தப் பொருளையும் கொள்ளலாம் என்கிறார். தவறான பொருள் கொண்டாலும் அது அன்பை வளர்த்தால், பாதையை விட்டு வயல் வழியே நடந்து அதே ஊருக்குப் போய்ச் சேர்ந்தவனைப் போன்றவன் என்கிறார். ஆனாலும் அவனைத் திருத்தவேண்டுமாம்; வயலில் நடந்து பழகியவன் ஒரு நாள் வேறு ஊருக்குப் போய்விடுவான் அல்லவா?

அவர் சொன்னபடியே செய்தும் காட்டினார். பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன் என்று ஆண்டவர் சொன்ன இடத்தில், பாறை இராயப்பரே என்று முதலில் எழுதியிருந்தார். பிறகு பல இடங்களில், இராயப்பர் அறிக்கையிட்ட கிறிஸ்துவே என்று எழுதினார். முதுமையில் தம் நூல்களையெல்லாம் மறுபடி படித்துப் பார்த்தபோது இரண்டையும் எடுத்துச் சொல்லி, எது பொருத்தமானது என்பதை வாசகரே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஆயர் ஒருவர், அதுவும் அகுஸ்தீனார், இப்படி எழுதினாரே என்று எங்களுக்கு ஒவ்வொரு முறையும் வியப்புத்தான். ஆண்டவர் பேசிய அரமேயத்தில் ஆளின் பெயரும் 'கேபா', பாறையும் 'கேபா' என்பதால் நாம் முதல் பொருளையே கொள்ளுகிறோம். அவரை அதற்காக யாரும் திருச்சபைக்குப் புறம்பாக்கவில்லை.

நேரம் ஆகிவிட்டதென்று பங்குத் தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். இன்னும் ஒருவரை மட்டும் அறிமுகப்படுத்திவிட்டு அமர்ந்துவிடுவோம். அப்போஸ்தலர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரசியின் கருவூலப் பொறுப்பாளர் ஒருவர் வருகிறார். தேரில் அமர்ந்து இசையாஸ் தீர்க்கதரிசியின் நூலை உரக்க வாசிக்கிறார். ஆட்டைப்போலக் கொண்டுபோகப்பட்டவரைப் பற்றிய பகுதி அது. புரிகிறதா என்று பிலிப்பு கேட்க, ஒருவர் வழி காட்டாவிட்டால் எப்படிப் புரியும் என்று பெரிய பதவியில் இருந்தவர் வெட்கமில்லாமல் சொன்னார். பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னார். தீர்க்கதரிசி இதைத் தம்மைப் பற்றிச் சொல்லுகிறாரா, வேறொருவரைப் பற்றிச் சொல்லுகிறாரா என்று கேட்டார். பிலிப்பு அந்தக் கேள்வியிலிருந்தே பேசத் தொடங்கினார். தேர் போய்க்கொண்டிருந்தது. வழியில் ஓரிடத்தில் தண்ணீர் தென்பட்டது.